கப்பலில் வர முடியாத வேலை

போன வாரம் செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் என் மானம் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது... குடை வடிவத்தில்!

காலை நேரம். மழை என்றால் நம் மும்பை மழை. மேலிருந்து கீழே பெய்யப் பொறுமை இல்லாமல் பக்கவாட்டிலும் பெய்கிற மழை. சுற்றிலும் ஆபீஸ் கூட்டம். ஒரு காற்று அடித்தது. ஒரே ஒரு காற்று. கையில் இருந்த மூன்று மடிப்புக் குடை படக்கென்று மேல்நோக்கித் திரும்பி, பெய்கிற மழையை ஏந்திப் பிடித்து என் தலையிலேயே ஊற்ற ஆரம்பித்தது. பையன்கள் சிரித்தார்கள். ஒரு பெண் செல்போனைத் தூக்கினாள். படம் எடுக்கத்தான், வேறெதற்கு?

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். சுத்தமான திருநெல்வேலிக் குரல்.

"அண்ணாச்சி... கப்பல்ல வந்த குடையோ?"

திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. ஜெபமணி. இந்த ஊரில் நான் அந்தக் குடையோடு யார் கண்ணில் படக்கூடாதோ, அவள் கண்ணில்தான் பட வேண்டுமா?

அவள் திட்டவில்லை. என் தோள்பையின் வாரைப் பிடித்துத் தரதரவென்று ஆட்டோ ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதலில் நின்ற ஆட்டோவில் நான் காலை வைத்தேன். "அதுல ஏறாதீய" என்று தடுத்து, வரிசையில் பின்னால் நின்ற ஒரு ஆட்டோவில் என்னைத் தள்ளினாள். அவளும் ஏறிக்கொண்டாள். வரிசை தாண்டி ஏறினால் முன்னால் நிற்கிற டிரைவர்கள் சண்டைக்கு வருவார்களே என்று எனக்குப் பயம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் அவளுக்குச் சலாம் வேறு வைத்தார்!

அந்தச் சலாமுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இந்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஜெபமணி மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நான் வளர்ந்த சந்துக்காரி. நான் செம்பூருக்குக் குடி வந்துவிட்டேன். அவள் அங்கேயேதான். கணவர் முலுண்டில் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன். ஒரே பெண், பிளெஸ்ஸி. இந்தக் கதை நடக்கும்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

ஜெபமணி வேலை பார்த்தது தாராவியில், ஒரு குஜராத்தி சேட்டின் குடைப் பட்டறையில். கீழே தோல் கடை, நடுவில் பிஸ்கட் கோடவுன், அதற்கும் மேலே, ஏணி வைத்து ஏறினால் குடைப் பட்டறை. எட்டுப் பெண்கள். எல்லோரும் நம் தென் மாவட்டத்துக்காரிகள். குடையின் துணியைக் கம்பியோடு சேர்த்துத் தைப்பது அவர்கள் வேலை. தீபாவளி முடிந்ததும் தைக்க உட்கார்ந்தால் மே மாதம்வரை ஊசி கீழே இறங்காது. ஜூனில் மழை வரும். அவர்கள் தைத்தது ஊரெல்லாம் விரியும்.

மழைக்காலத்தில் ஜெபமணியோடு தெருவில் நடப்பது பெரிய தொல்லை. எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். தலைக்கு மேலேயே பார்ப்பாள். "அந்தா போவுது பாருங்க, நம்ம குடை... இந்தா, இதுவும் நம்மளது" என்று சொல்லிக்கொண்டே வருவாள். பெற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதைப் பார்க்கிற மாதிரி ஒரு முகம்!

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, "நம்ம குடை" என்று அவள் சொல்வது குறைந்தது. ஸ்டேஷன் வாசலில், ஃபுட்பாத்தில், சிக்னலில் - எங்கே பார்த்தாலும் கப்பலில் வந்து இறங்கிய குடை. பூப் போட்டது, மிட்டாய் கலரில், பட்டனைத் தட்டினால் விரிகிறது. விலையோ, நம்முடையதில் பாதிகூட இல்லை. யார்தான் வாங்க மாட்டார்கள்? கொஞ்ச வருஷத்தில் ஜெபமணி மேலே பார்த்து நடப்பதை நிறுத்திவிட்டாள்.

போன வருஷத்துக்கு முந்தின தீபாவளி. பண்டிகை முடிந்து எட்டுப் பேரும் ஏணி ஏறிப் போயிருக்கிறார்கள். துணிக்கட்டு வந்திருக்கவில்லை. கம்பிக்கட்டு வந்திருக்கவில்லை. சேட் மட்டும் நின்றுகொண்டிருந்தார். எல்லோருக்கும் டீ வரவழைத்தார். இனிப்பு கொடுத்தார். ஊரில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திரும்பவே இல்லை.

மூத்தவள் இசக்கியம்மாள் என்னிடம் இதைச் சொல்லும்போது இப்படித்தான் சொன்னாள்: "மனுசனுக்கு முதுகு மட்டும்தான் தெரியுது அண்ணாச்சி. அந்த முதுகப் பாக்க முடியல."

அந்த ஆள் இருபது வருஷமாக அவர்களுக்கு முதலாளி. பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் முன்னால் நின்றவர். அவர் வாயால் "போங்கள்" என்று எப்படிச் சொல்வார்? சொல்ல வைப்பதுதான் முறையா? ஜெபமணி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "சேட், நாங்களே நின்னுக்கிடுதோம்" என்றாள். மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். வரிசையாக ஏணி இறங்கினார்கள். அவ்வளவுதான்.

கவனித்தீர்களா? வேலை போனவர்கள், வேலையை எடுக்க வந்தவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று தாங்களே வேலையை விட்டார்கள்! இதை நம் ஜனங்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்?

நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தமிழனாவது "என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. டோம்பிவிலியில் என் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான். கம்பெனி அனுப்பி வைத்த மறுநாள் என்னிடம், "ஒரு சின்ன ப்ரேக் எடுத்திருக்கேன் மாமா" என்றான். ப்ரேக் ஏழெட்டு மாதம் ஓடியது! மாட்டுங்காவில் ஒரு நண்பர். ஆபீஸையே இழுத்து மூடிவிட்டார்கள். அவரோ, "அந்த இடம் எனக்கு ஒத்துவரலை சார், விட்டுட்டேன்" என்கிறார். போவது வேலையாக இருக்கலாம். போகச் சொன்னது நாமாகத்தான் இருக்க வேண்டும்.

சரி. இப்படிச் சொல்லிக்கொள்வதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நஷ்டம் உண்டு என்று அந்த வருஷம்தான் தெரிந்தது.

வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்ததால் மூடிப்போன சிறு பட்டறைகளின் தொழிலாளிகளுக்கு அரசாங்க உதவி ஒன்று இருப்பதாக இசக்கியம்மாள் எங்கோ கேட்டுக்கொண்டு வந்தாள். வேறு தொழில் கற்றுத் தருவார்கள். கற்கும் காலத்தில் மாதாமாதம் ஒரு தொகை. முடித்த பிறகு மெஷின் வாங்கக் கடன் உதவி. அலுவலகம் செம்பூரில். நான் பக்கத்தில் இருக்கிறேன், எனக்கு ஹிந்தியும் கொஞ்சம் மராட்டியும் ஓடும் என்பதால் என்னிடம் வந்தார்கள்.

அப்போது ஜெபமணியின் வீட்டு நிலைமை இதுதான். பிளெஸ்ஸிக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அந்த மாத உதவி வந்தால் படிப்பை முடித்து நர்ஸ் ஆவாள். வராவிட்டால் போவதற்கென்று, அவளே ஒரு மாலில் சேல்ஸ் வேலைக்குப் பேசி வைத்துவிட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்?

விசாரித்துப் பார்த்தேன். உதவிக்கு ஒரு நிபந்தனை. வேலையைத் தானாக விட்டவர்களுக்குக் கிடையாது.

எட்டுப் பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். "இந்தா பாரு ஜெபமணி, நாளைக்கு அதிகாரி கேட்டா சேட் நிறுத்திட்டாருன்னு சொல்லிடு. ஒரே ஒரு வார்த்தை. முடிஞ்சுது."

"அவரு சொல்லலியே அண்ணாச்சி."

"சொல்லலைன்னா என்ன? அர்த்தம் அதானே?"

"அர்த்தம் அதுதான். ஆனா அவரு சொல்லலியே."

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் பழமொழி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி?" என்று கேட்டேன்.

இசக்கியம்மாள் நிதானமாக வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டாள். "எங்களுக்கு ஏது அண்ணாச்சி மீச?" என்றாள்.

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். விடாமல் இன்னொன்றையும் சொல்லி வைத்தேன் - அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அதனால் நாளைக்குப் பழைய சேலையில் வாருங்கள், முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று.

மறுநாள் அலுவலக வாசலில் நிற்கிறேன். ஆட்டோக்கள் வந்து நிற்கின்றன. இறங்குகிறார்கள், எட்டுப் பேரும்... பட்டுச் சேலையில்! தலை நிறைய மல்லிகை. ஜெபமணி மகளின் கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தாள். இசக்கியம்மாள் மட்டும் இறங்கும்போதே டிரைவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். கிழிந்த சீட்டில் துருத்திக்கொண்டிருந்த கம்பி அவளுடைய கல்யாணப் பட்டைக் கொக்கி போட்டு இழுத்துவிட்டது. சீட்டைத் தைத்து வைத்தால் என்ன என்று அவள் கேட்க, தைக்கிற கடைக்குப் போனால் ஒரு நாள் முழுக்க வண்டியைப் போட்டுவிட்டு உட்கார வேண்டும், அன்றைய வருமானத்தை யார் தருவது என்று அவன் புலம்ப...

நான் ஜெபமணியைத் தனியாக இழுத்தேன். "என்னம்மா இது? நேத்து என்ன சொன்னேன்?"

"கவர்மெண்டு ஆபீசுக்கு வாறோம் அண்ணாச்சி. துட்டி வீட்டுக்கா வாறோம், அழுதுக்கிட்டு வர?"

எட்டுப் பட்டுச் சேலைக்குப் பின்னால் நானும் உள்ளே போனேன்.

அதிகாரி ஒரு மராட்டியப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜையில் தேடுகிற ரகம். அத்தனை வேலை அவருக்கு. நிமிர்ந்து பார்த்தார். எட்டுப் பட்டுச் சேலையையும் பார்த்தார்.

"ஷாதி ஹை க்யா?" கல்யாணமா என்று கேட்கிறார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இசக்கியம்மாளுக்கு ஒட்டவில்லை. "ஹாங் மேடம். துல்ஹா அபி நஹி ஆயா" என்றாள். ஆமாம், மாப்பிள்ளைதான் இன்னும் வரவில்லையாம்!

மேடம் சிரித்துவிட்டார். அப்பாடா என்று இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. சேட் ஏன் உங்களை நிறுத்தினார் என்று கேட்டார். ஜெபமணி எழுந்து நின்றாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

"சேட் நே நஹி நிகாலா. ஹம் குத் சோடா."

அவர் அனுப்பவில்லை, நாங்களேதான் விட்டோம். போச்சு! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். சேட் ஏற்கெனவே வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாராம், மேடம் அவரை இன்றைக்கும் வரச் சொல்லியிருக்கிறாராம். அவர் சொன்னது என்ன தெரியுமா? உடம்பு சரியில்லை, வயதாகிவிட்டது, அதனால் நானாகவே பட்டறையை மூடினேன் என்று. அவருக்கும் ஒரு மீசை இருக்கிறதே! மூன்று தலைமுறையாகக் குடை செய்தவர், எங்கிருந்தோ வந்த ஒரு பூக்குடையிடம் தோற்றேன் என்று சொல்வாரா?

மேடம் என்னிடம் கேட்டார். முதலாளி தானாக மூடினார். தொழிலாளிகள் தானாக விட்டார்கள். எல்லாம் தானாக, எல்லாம் சந்தோஷமாக. அப்படியானால் வெளிநாட்டுக் குடை எங்கே வந்தது? அது வரவே இல்லையா? நான் யாருக்கு, எதற்கு உதவி எழுதுவது?

கேட்டது கோபமாக இல்லை. நிஜமான வருத்தத்தோடு கேட்டார். 

ஜெபமணிக்கு ஹிந்தி அதற்கு மேல் வரவில்லை. ஹிந்தி நன்றாகத் தெரிந்தவள்தான். ஆனால் சில விஷயங்கள் சொந்த பாஷையில்தான் வாய்க்கு வரும். என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். குரல் உயரவில்லை.

"மேடத்துக்கிட்ட சொல்லுங்க அண்ணாச்சி. அந்த மனுசன் எங்களப் போங்கன்னு சொல்லல. சொல்ல முடியாம நின்னாரு. அதனால நாங்க சொன்னோம். இப்ப துட்டு வேணும்ங்கிறதுக்காக அவரு மேல பழியச் சொன்னா, அந்தத் துட்டுல எம் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. அதுக்காவ, வேலைய நாங்க ஆசப்பட்டு விட்டோம்னு எழுதிக்கிடவும் வேண்டாம். வேல இருந்திருந்தா நாங்க ஏன் விடுதோம்? கப்பல்ல வந்த குடை எங்க கையில இருந்த ஊசியப் புடுங்கிட்டுது. அவரு கையில இருந்த கடையையும் புடுங்கிட்டுது. இதுல அவருக்கு என்ன வெக்கம், எங்களுக்கு என்ன வெக்கம்?"

நான் அதை ஹிந்தியாக்க வாயைத் திறந்தேன். வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"போதும்ளா ஜெபமணி."

சேட்! கைத்தடியோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார். இருபது வருஷமாக நம் பெண்களோடு பழகியவருக்குத் தமிழ் வரும். அதுவும் என்ன தமிழ்? அவர்களிடமிருந்து கற்ற அசல் திருநெல்வேலித் தமிழ். குஜராத்தி நாக்கில் அந்த "ளா" என்ன அழகாக உட்கார்ந்தது என்கிறீர்கள்! ஜெபமணி சொன்னதை யாரும் அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்.

மேடம் சூழ்நிலையைப் புரிந்துகொண்டு இசக்கியம்மாளைப் பார்த்தார். "துல்ஹா ஆ கயா" என்றார் மெதுவாக. மாப்பிள்ளை வந்துவிட்டாராம்!

சேட் சிரிக்கவில்லை. மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். நான் முன்னால் சொன்னதை அடித்துவிடுங்கள், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஒரு முழுக் குடை கப்பலில் வந்து இறங்குகிற விலைக்கு, இங்கே எனக்குக் கம்பியும் துணியும் வாங்கவே காணாது. கூலியை எதிலிருந்து கொடுப்பேன் என்றார். இந்தப் பெண்களுக்கு வேலை கொடுக்க முடியாமல்தான் மூடினேன் என்றார்.

கடைசியாக ஒன்று சொன்னார். "மை ஹார் கயா, மேடம்."

நான் தோற்றுவிட்டேன்.

 எட்டுப் பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவரும் சொல்லி வைத்துக்கொண்டு எழவில்லை. முதலாளி நிற்கும்போது தொழிலாளி எழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இது அந்த எழுதல் இல்லை. இசக்கியம்மாள் தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். "இருங்க சேட். கால் வலிக்கும்லா" என்றாள்.

மேடம் பேனாவைத் திறந்தார்.

அவர் எழுதி முடித்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. என்னென்ன தொழில் கற்கலாம் என்று மேடம் சொல்லிக்கொண்டே போனார். அழகுநிலைய வேலை, அப்பளம், மெஹந்தி, ரெடிமேட் தையல்... நானாக இருந்தால் கிடைத்ததே போதும் என்று முதலாவதற்கே தலையாட்டியிருப்பேன். ஜெபமணி ஒன்றுக்கும் தலையாட்டவில்லை. என் காதருகே வந்தாள்.

"கப்பல்ல வர முடியாத வேல எதுவோ, அதச் சொல்லித் தரச் சொல்லுங்க."

எழுதுகிற ஆள் நான். வாரா வாரம் உங்களுக்கு அறிவுரை சொல்கிற ஆள். இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்!

மொழிபெயர்த்தேன். மேடம் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துத் துடைத்தார். யோசித்தார். ரெடிமேட் துணி கப்பலில் வரும். மெஹந்தி கோன் கப்பலில் வரும். அப்பளமே ஒருநாள் வராது என்று என்ன நிச்சயம்? எல்லோரும் யோசிக்கிறோம். இசக்கியம்மாள் மட்டும் யோசிக்கவில்லை. கம்பி இழுத்த தன் கல்யாணப் பட்டின் முந்தானையை மடியில் வைத்து நீவிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டாண்டில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்குக் கூரை கிழிசல். ஒன்றுக்கு சீட் கிழிசல். ஒன்றுக்குப் பக்கத்து மழைத்திரையே இல்லை. பிளாஸ்டிக் பையை ஒட்டி வைத்திருந்தார்கள்.

"அந்தா நிக்கே, அத எப்படிக் கப்பல்ல ஏத்துவான்?" என்றாள்.

ஜெபமணியும் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டோக் கூரை என்பது என்ன? கம்பி மேல் துணி. மழை உள்ளே வரக்கூடாது. இத்தனை வருஷமாக அவர்கள் செய்தது வேறென்ன? இது கொஞ்சம் பெரிய குடை!

வண்டி சீட்டும் கூரையும் தைக்கிற பயிற்சி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் இதுவரை ஒரு பெண்கூட அதில் சேர்ந்ததில்லை என்றார் மேடம்.

"யாரும் கூப்பிடலியே மேடம்" என்றாள் இசக்கியம்மாள்.

ஆணை வந்தது. மாத உதவியும் வந்தது. தாமதமாக வந்தது. ஆனால் வந்தது. ரெக்ஸின் தைக்கிற பெரிய மெஷினை முதலில் பார்த்தபோது பயமாக இருந்தது என்று ஜெபமணி பிறகு சொன்னாள். பயிற்சி கொடுத்தவர் இரண்டு பேராவது பாதியில் நிற்பார்கள் என்று எதிர்பார்த்தாராம். எட்டுப் பேரும் முடித்தார்கள். பிளெஸ்ஸியும் கடைசிப் பரீட்சையை முடித்தாள். மாலில் பேசி வைத்த வேலையைப் பற்றி இன்றுவரை அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இப்போது செம்பூரில், ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஷட்டர் கடை. காலையில் வண்டியை விட்டால் டிரைவர் டீ குடித்து, பேப்பர் பார்த்து, நாலு பேரிடம் அரசியல் பேசி முடிப்பதற்குள் தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எட்டுப் பேர் ஒரே வண்டியில் விழுந்தால் எவ்வளவு நேரமாகும்? ஒரு நாள் வருமானம் போகாது என்பதால் வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒவ்வொரு ஆசை - கூரை ஓரத்தில் மகள் பெயர், சீட்டில் கிரிக்கெட் மட்டை, ஒருவருக்கு மாதா படம், இன்னொருவருக்கு கணபதி. எந்தக் கப்பல்காரனுக்கு இதெல்லாம் தெரியும்?

திறப்பு விழாவுக்கு மேடத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தார். பட்டுச் சேலையில்! சேட்டும் வந்தார். ரிப்பன் வெட்டச் சொன்னபோது வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஜெபமணி விடவில்லை. பழைய பட்டறையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை அவரிடமிருந்தே கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அதைக் கையில் கொடுத்ததும் மனிதர் பேசாமல் வெட்டிவிட்டார்.

அரசாங்க உதவி என்றால் கையை ஏந்துவது என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாட்டமாக வாருங்கள் என்று ஏன் சொன்னேன்? ஒரு நாடு துறைமுகத்தைத் திறந்து வைக்கிறது. எனக்கும் உங்களுக்கும் மலிவாகக் குடை கிடைக்கிறது. அந்த மலிவுக்கான விலையை எட்டுப் பெண்கள் தாராவியில் ஏணி இறங்கிக் கொடுத்தார்கள். அதில் ஒரு பங்கை நாடு திருப்பிக் கொடுத்தால் அது தர்மமா? பாக்கியைத் தீர்ப்பது இல்லையா? அதை வாங்கப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போவதுதான் சரியான மரியாதை.

என் பழமொழியை நான் திருத்திக்கொண்டேன். கூழையும் குடிக்கலாம், மீசையிலும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். குடிக்கிறவர்களைப் பொறுத்தது!

சரி, ஆட்டோவுக்கு வருவோம். வெளியே மழை கொட்டுகிறது. ஜெபமணி தாங்கள் தைத்த பக்கத்துத் திரையை இழுத்துக் கொக்கியில் மாட்டினாள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. இது அவர்கள் கடைக்கு முதல் மழைக்காலம். அவள் திரை இடுக்கு வழியாக எதிரே வருகிற ஆட்டோக்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று என் முழங்கையில் இடித்தாள்.

"அந்தா போவுது பாருங்க அண்ணாச்சி. நம்மளது."

கொஞ்ச தூரம் போனதும், "இந்தா, இதுவும்" என்றாள்.

என் குடை என்ன ஆயிற்று என்கிறீர்களா? வீட்டு வாசலில் இறங்கும்போது ஜெபமணி அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மறுநாள் பார்க்கிறேன், அதன் பூத்துணியை வெட்டி அந்த டிரைவரின் ஆட்டோ மீட்டருக்கு மழையில் நனையாமல் ஒரு குல்லாய் தைத்து மாட்டியிருக்கிறார்கள்.

கப்பலேறி வந்தவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்!